மூன்றாவது துளை

குற்றாலம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அருமைநாயகம் ஐந்து வருடம் மெக்கானிக்காக இருந்தார். ஐந்து வருடமும் தற்காலிகம்தான். கல்யாணம் ஆகவில்லை. சர்ச்சுக்குப் போகாததால் சொந்தக்காரர்கள் ஒதுக்கினார்கள். பிறந்த சாதியைச் சொல்லி மற்றவர்கள் ஒதுக்கினார்கள். வாடகை வீட்டுக்குத் தூங்க மட்டும் போவார்.

எக்ஸ்சேஞ்ச் இயந்திரத்துக்குத் தன்னிடம் எத்தனை லைன் இருக்கிறது என்று தானாகத் தெரியாது. பலகையில் இருக்கும் துளைகளில் பித்தளை முளைகளைச் செருகித்தான் சொல்ல வேண்டும். சாரல் காலத்தில் தென்காசிக்கு மூன்று லைன், மூன்று முளை. அருவிக்கு வந்த கூட்டம் கலைந்ததும் மூன்றாவது லைனை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார்கள். 1964 செப்டம்பரில் மூன்றாவது முளையை அருமைநாயகமே பிடுங்கி டப்பாவில் போட்டார்.

அக்டோபரில், ஆயுத பூசை முடிந்த மறுநாளிலிருந்து தென்காசிக்கான அழைப்புகள் செத்தன. எல்லாம் அல்ல, எது சாகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பழ வியாபாரி துல்கர்னைன் நேரிலேயே வந்துவிட்டார்.

"போன எடுத்தா ஒருக்க பேசுது, ஒருக்க ஊமையாயிருது. இதுக்கு நான் வாடகை வேற கெட்டணுமாக்கும்?"

சூப்பர்வைசர் தளவாய் காரணம் கண்டுபிடித்துவிட்டார். "பூசையில நிக்காத ஆளு தொட்டா மிஷினுக்குக் கோவம் வராதாவே? திங்கக்கெழமைக்குள்ள சரியாகலன்னா நீரு வீட்டுக்குப் போவேண்டியதுதான்."

அவரைப் பூசையில் நிற்க விடாதவரே தளவாய்தான். வருடம் முழுக்க இயந்திரத்தைத் துடைக்க அருமைநாயகத்தின் கை வேண்டும். சந்தனம் வைக்கிற ஒரு நாள் மட்டும் அந்தக் கை தீட்டு. அன்று அருமைநாயகம் வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றார்.

நான்கு நாள் கம்பம் கம்பமாக ஏறினார். இரண்டு லைனும் பழுதில்லை. இணைப்பு மாற்றும் ரிலேக்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். முளைப் பலகையின் மூடியை மட்டும் திறக்கவில்லை. தன் கையால் சரிசெய்ததை யார் திரும்பப் பார்ப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அடைமழை. விடுதிகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. ஊரில் யாரும் போனை எடுக்கவில்லை. அவர் மட்டும் தென்காசியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அங்கே ஆபரேட்டர் அகிலாண்டேஸ்வரி.

"என்ன அண்ணாச்சி, நாயித்துக்கெளமையும் அதுவுமா இருவது தடவ கூப்பிட்டாச்சு. பேச வேற ஆளே இல்லையா ஒங்களுக்கு?"

"இல்லம்மா."

அவள் சிரிக்கவில்லை. "சரி, கூப்பிடுங்க. நான் இங்கனதான் இருக்கேன்."

அடுத்தது கேட்டது. அதற்கடுத்தது ஊமை. பிறகு இரண்டு கேட்டன, மறுபடி ஊமை. பலர் பேசும் நாளில் யாருக்கு எது விழுகிறது என்று தெரியாது. ஊரே காலியான நாளில், ஒற்றை ஆள் கூப்பிட்டதில் கணக்கு வெளியே வந்தது: மூன்றுக்கு ஒன்று. இல்லாத லைனை இருப்பதாக நம்பி, இயந்திரம் முறை வைத்து அதற்கும் ஒரு அழைப்பை அனுப்பிக்கொண்டிருக்கிறது!

மூடியைத் திறந்தார். மூன்று முளையும் புளி போட்டு விளக்கிப் பளபளத்தன. மூன்றின் தலையிலும் குங்குமம்.

மூன்றாவதைப் பிடுங்கினார். அதன்பின் முப்பது முறை கூப்பிட்டார், முப்பதும் கேட்டன.

திங்கட்கிழமை தளவாய் மறுக்கவில்லை. "பூசையன்னிக்கு ஒரு தொள மூளியா கெடந்துது. பாக்க நல்லால்லன்னு டப்பாவுல கெடந்தத எடுத்துச் சொருவுனேன். அதுக்கென்ன? ரிப்போர்ட்டுல தானா சரியாச்சுன்னு எழுதும். உம்ம வேலைய நிரந்தரமாக்க நான் சொல்லுதேன்."

அருமைநாயகம் நடந்ததை எழுதினார். யார் செருகியது, என்றைக்குச் செருகியது, எதற்குச் செருகியது, எல்லாம்.

அந்த மாதமே திருவேங்கடம் ஊர் எக்ஸ்சேஞ்சுக்கு மாற்றல் வந்தது. அங்கேயும் தற்காலிகம்தான். பொய் எழுதியிருந்தால் நிரந்தரம். இந்த நாட்டில் உண்மைக்குக் கிடைக்கும் கூலி பஸ் டிக்கெட். கிளம்பும் அன்று அகிலாண்டேஸ்வரியிடம் சொல்லிக்கொள்ள ரிசீவரை எடுத்தார். சொந்த விஷயத்துக்கு ஆபீஸ் லைனா என்று தோன்றியது. வைத்துவிட்டார்.

போகுமுன் மூன்றாவது துளையின் மேல் ஒரு சீட்டு ஒட்டினார்: "சாரல் காலம் தவிர இது காலியாகவே இருக்க வேண்டும்."

அடுத்த ஆயுத பூசையில் அந்தச் சீட்டுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். துளையை யாரும் தொடவில்லை.