சேர்த்துக்கொள்ளப்பட்ட திருத்தம்

கடலூரில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்து வேலை பார்த்த அந்த ஏழு மாதங்களில் என்னோடு தவறாமல் பேசியவர் ஒருவர்தான். எந்த நாட்டுக்காரர், என்ன வயது, எதுவும் தெரியாது. இயங்குதளத்தின் உட்பகுதியான கெர்னலுக்கு நான் எழுதியனுப்பும் திருத்தங்களைப் படித்து மின்னஞ்சலில் பதில் போடுவார்.

பல புரோகிராம்கள் ஒரே கோப்பை நினைவகத்தில் பகிர்ந்துகொள்ளும். அவற்றில் ஒன்று ஒரு பக்கத்தை முதன்முறை தொடும்போது, கெர்னல் அந்தப் புரோகிராமை நிறுத்தி, அந்தப் பக்கத்தை இணைத்துக் கொடுத்துவிட்டுத்தான் மேலே போகவிடும். அக்கம்பக்கத்துப் பக்கங்களையும் அப்போதே இணைக்கும். ஆனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யும். அதை மொத்தமாக ஒரே தடவையில் முடிப்பதுதான் என் திருத்தம்.

முதல் வடிவத்துக்கு அவர் ஒரே வரி எழுதினார். நடுவில் வேறொரு புரோகிராம் அந்தக் கோப்பைச் சுருக்கிவிட்டால்? நான் அதை யோசிக்கவேயில்லை. வெட்கமாக இருந்தது. அதைச் சரிசெய்ய இரண்டு வாரம் ஆயிற்று. பிறகு அவர் கேள்விகளுக்காகவே காலையில் எழுந்தேன். அவர் கேட்கட்டும் என்று சில சின்ன விஷயங்களை விளக்காமலே விட்டதும் உண்டு.

ஐந்தாவது வடிவத்துக்கு, நன்றாக இருக்கிறது, சேர்த்துக்கொண்டேன் என்று பதில் வந்தது. சோதனைகளிலும் வேகம் கூடியிருந்தது. நன்றி எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை. அவர் எழுத இனி ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து, பஸ் ஏறி சிதம்பரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். சாப்பிடும்போது, வேலை முடிந்துவிட்டது என்றேன். மாமா சந்தோஷப்பட்டார். அக்கா என் தட்டைப் பார்த்தாள்.

"முடிஞ்சதுக்கு ஏன்டா மொகம் இப்டி இருக்கு?"

"அவுரு இனிமே எழுத மாட்டாருக்கா."

யாரென்று மாமா கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"நீயே வேற எதுனா கேட்டு எழுதேன் மச்சான்."

காரணமில்லாமல் எழுதுவது கெர்னல் வேலை பார்ப்பவர்களிடம் வழக்கமில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. சரி என்றேன். சாயங்காலம் மாமாவே பஸ் ஸ்டாண்டு வரை வந்து ஏற்றிவிட்டார்.

திங்கட்கிழமை, எல்லாருக்கும் பொதுவாக வரும் கெர்னல் மின்னஞ்சல்களில் யாருமே பதில் போடாமல் கிடந்த ஒரு திருத்தத்தைத் திறந்தேன். யாரோ புதியவர் அனுப்பியது. ஒரே தகவலை இரண்டு பேர் ஒரே நேரத்தில் மாற்றாதிருக்க ஓரிடத்தில் போட்ட பூட்டை விடுவிக்க மறந்திருந்தார். தவறைச் சுட்டுவது சுலபம். மனம் நோகாமல் எழுதத்தான் ஒரு மணி நேரம் பிடித்தது. அனுப்பினேன்.

மத்தியானம்வரை பதில் இல்லை. எழுந்து போய் ஒரு ஆளுக்குச் சோறு வைத்தேன்.