வேலியோரத்துச் சங்கு

என் மாமா, அம்மாவின் ஒரே அண்ணன், வெளிநாடொன்றின் பாதுகாப்பு அமைச்சில் பெரிய அதிகாரி. இளவயதில் மன்னாரை விட்டுப் போனவர். அங்கே ஒரு கடை போட்டார், பிறகு கப்பல்களுக்குச் சாமான் ஏற்றும் கம்பனி நடத்தினார், கடைசியில் அந்த நாட்டு அரசாங்கமே கூப்பிட்டுப் பதவிக் கதிரை கொடுத்தது. ஊருக்கெல்லாம் அதில் பெருமை. எனக்கு அவர் பேச்சை எடுத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் அரசாங்க விருந்தாளியாக வந்தபோது நான் சின்னப் பிள்ளை. சண்டை முடிந்துவிட்டது, ஆனால் ஊராரை அடக்கம் செய்யும் எங்கள் சவக்காலை இன்னும் கடற்படை முகாமுக்குள் கிடந்தது. ஆத்துமாக்களின் நாளில் மற்ற ஊர்க்காரர் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்த, நாங்கள் முள்ளுக்கம்பிக்கு வெளியே றோட்டில் கொளுத்தினோம். உள்ளே அம்மாவைப் பெற்ற ஐயா இருந்தார். எனக்கு முன்னே பிறந்து, ஞானஸ்நானம் கொடுத்த அன்றே போய்விட்ட அக்காவும் இருந்தாள். ஒருமுறை உள்ளே போய் அவளுக்கு ஒரு திரி கொளுத்த வேண்டும், அம்மாவுக்கு வேறு ஆசையே இல்லை. அண்ணன் ஒரு சொல் சொன்னால் போதும் என்று காண்பவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தார்.

மாமா கடற்படை வாகனத்தில் வந்து இறங்கினார். முகாம் வாசலில் அவருக்குச் சல்யூட் அடித்தார்கள். நான் துள்ளினேன். பின்னால் நடந்த அம்மாவைக் காவலுக்கு நின்றவன் கையை நீட்டி மறித்தான். மாமா திரும்பிப் பார்த்தார். அவனை அதட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"நீ இதிலை நில் தங்கச்சி. இப்ப கேட்டா மரியாதையா இராது. நானே கொளுத்திப்போட்டு வாறன்."

மரியாதையாம்! கூடப் பிறந்தவள் வெயிலில் நிற்க, எவனுடைய மரியாதையைக் காப்பாற்றப் போனார் இந்த மனிதர்? அம்மா திரிகளைக் கொடுத்து, "பிள்ளை வேலியோரம் அண்ணா, சின்னப் பிள்ளையளின்ரை பக்கம்" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. எங்கள் கரையில் யாருக்கும் அதைச் சொல்லத் தேவையில்லை. கைக்குழந்தைகளுக்கு நாங்கள் கல்லறை கட்டுவதில்லை. தலைமாட்டில் ஒரு சங்கைக் கவிழ்த்து வைப்போம், அவ்வளவுதான். அக்காவின் சங்கு அப்பா கடலில் மூழ்கி எடுத்தது. அதன் விளிம்பில் அவரே கத்தியால் சிலுவை கீறியிருந்தார்.

மாமா வெளியே வந்து ஒரு பெரிய சங்கை என் கையில் தந்தார். அம்மா அதன் விளிம்பைப் பார்த்தார்.

"எவடத்திலை எடுத்தனீங்கள்?"

"வேலியோரம். எல்லாத்தையும் டோசராலை மட்டமாக்கிப்போட்டாங்கள், இது ஒண்டுதான் வடிவாக் கிடந்தது. பிள்ளை விளையாடட்டும்."

மத்தியானம் எங்கள் வீட்டில் நண்டுக்கறி. அம்மா பரிமாறினார். மாமா இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இப்போது கடற்படை அந்த நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. வெறும் மணல். வருடா வருடம் அம்மா அந்தச் சங்கைக் கொண்டுபோகிறார். எங்கே வைப்பதென்று தெரியாமல் வேலியோரம் நெடுகத் திரி கொளுத்திவிட்டு, சங்கோடு திரும்பி வருகிறார். மாமா தொலைக்காட்சியில் எல்லைகளைக் காப்பது பற்றிப் பேசுகிறார். அந்த வாய்க்குள் மண்ணைப் போட!

அன்று முகாம் வாசலில் எனக்கு இதொன்றும் தெரியாது. சங்கைக் காதில் வைத்து இரைச்சலைக் கேட்டேன். அம்மாவும் கேட்கட்டும் என்று எட்டி அவர் காதில் வைத்தேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளே விடாத கோபத்தை என்மேல் காட்டுகிறார் என்று நினைத்து, போய் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.