அவர் கடைசியாகச் சொன்னது

தையல் கூடத்தில் பொத்தான் மெஷினில் உட்காருகிறவள் என்பதால் அவளுக்குப் பொத்தான் அக்கா என்றே பேர் நிலைத்துவிட்டது. புருஷன் போன மறுவாரமே வேலைக்கு வந்துவிட்டாள். சட்டையை இழு, பொத்தானை வை, மிதி, அடுத்தது. கண்ணில் ஒரு சொட்டு இல்லை. கல்நெஞ்சுக்காரி என்று சூப்பர்வைசர் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. உறைக்கவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளினால் கிள்ளுவது தெரியும், வலிக்காதே, அந்த மாதிரி இருந்தாள்.

அவள் பிறவியிலேயே கிறிஸ்தவள். புருஷன் அப்படியில்லை. விரும்பிக் கட்டிக்கொண்டவர்கள். ஞாயிறுதோறும் அவளையும் மகளையும் பைக்கில் கொண்டுவந்து சர்ச் வாசலில் இறக்கிவிட்டு, ஆராதனை முடியும்வரை பைக் மேலேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பார். உள்ளேதான் வாங்களேன் என்றால், "பேச்சுவார்த்தை உனக்கும் உன் சாமிக்கும். எனக்கு வாசல் போதும்" என்பார். அவர் கிண்டல் செய்ததில்லை, இவள் நச்சரித்ததில்லை. ஆனால் சொர்க்கத்துக்கு வழி ஒன்றுதான் என்று அவள் நிஜமாகவே நம்பினாள். பக்கத்தில் குறட்டை விட்டுத் தூங்குகிறவரைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நம்பிக்கை முள்ளாய் உறுத்தும். அவரிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம், காலம் கிடக்கிறது என்று தள்ளிப்போட்டே வந்தாள்.

பக்கவாதம் தள்ளிப்போடவில்லை. ஒரு பக்கம் விழுந்தது, பேச்சும் போனது. திரும்பி வந்த பேச்சு விநோதமாக வந்தது. எதிரில் இருப்பவர் கடைசியாக என்ன சொன்னாரோ அதையே திருப்பிச் சொன்னார். மூளையில் அடிபட்ட இடம் அப்படி, அர்த்தம் உள்ளே போகிறதா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். நர்ஸ் "மாத்திரை போடணும்" என்றால் இவரும் "மாத்திரை போடணும்" என்பார். டிவியில் வந்த சோப்பு விளம்பரத்தையும் விடவில்லை. கொழுந்தன் வந்து தங்கள் குலசாமியின் பேரைக் காதில் சொன்னார். அண்ணன் பிசிறில்லாமல் திருப்பிச் சொன்னதும், "அண்ணி, அண்ணன் நம்ம சாமியை விடலை பாத்தீங்களா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். பக்கத்து மெஷினில் காலர் தைக்கிறவள் பார்க்க வந்தாள். அல்லா கைவிடமாட்டான் என்று ஆறுதலுக்குச் சொல்லிவைத்தாள். அதையும் சொன்னார்.

பாஸ்டர் வந்தபோது இவள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். மகள்தான் இருந்தாள். இயேசுவே என் இரட்சகர் என்று சொல்லுங்கள் என்றாராம் பாஸ்டர். சொன்னாராம். மறுநாள் அவர் உயிர் போய்விட்டது.

பாஸ்டருக்கு இவர் பேச்சின் கதை தெரியாது. வீட்டுக்கு வந்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்களே எழுந்து, அவர் கடைசியில் இயேசுவை ஏற்றுக்கொண்டார் என்று சபைக்குச் சாட்சி சொல்லுங்கம்மா, எத்தனையோ பேருக்கு ஆறுதலாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டார். மனசார வந்து கேட்ட மனிதருக்குக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பினாள். அவர் போனதும், அப்பா எல்லாத்தையும்தானே திருப்பிச் சொன்னார் என்று மகளிடம் மெல்ல எடுத்தாள்.

"அது வேற, இது வேறம்மா. நான் அப்பா கண்ணைப் பார்த்தேன்" என்றாள் மகள். அப்பா எங்கே இருக்கிறார் என்பதற்கு அவள் கையில் இருந்தது அந்த ஒன்றுதான்.

கூடத்தில் மதியச் சாப்பாட்டின்போது இவள் காலர்காரியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். எல்லாச் சாமியும் ஒன்றுதானே என்று பக்கத்து மேஜையிலிருந்து சூப்பர்வைசர் தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார்.

"இவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவாரு" என்றாள் காலர்காரி. "எங்களுக்கும் வழி ஒண்ணுதான்க்கா. தினம் ஒரே டப்பாவுல சாப்பிடுறோம். உங்க சொர்க்கத்துல நான் இல்ல, எங்க சொர்க்கத்துல நீங்க இல்ல. மேல போயி யாரோட சாப்பிடுறதோ."

இருவரும் லேசாகச் சிரித்தார்கள்.

"ஆமாம்னு சொல்லிடட்டுமாடி?"

"சொல்லுங்க, யாரு கேக்கப்போறா. நீங்க நிம்மதியா இருப்பீங்களா, அதைப் பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் கூப்பிட்டதும் எழுந்தாள். மைக்கை வாங்கிக்கொள்ளவில்லை.

"அவர் அந்த வார்த்தையைச் சொன்னது நிஜம். ஆனா அப்ப யார் எதைச் சொன்னாலும் திருப்பிச் சொன்னாரு. சோப்பு விளம்பரத்தையும் சொன்னாரு. மனசுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. நம்ம வழிதான் சத்தியம்னு நான் நம்புறேன். அதனாலதான் அதுக்காக ஒரு பொய் சொல்ல எனக்கு வாய் வரல."

முன்வரிசையில் யாரோ பழக்கதோஷத்தில் கைதட்டி, பாதியில் நிறுத்தினார்கள். பாஸ்டர் மைக்கைக் கீழே வைத்தார். பிறகு, ஜெபிப்போம் என்றார்.

பஸ்ஸில் மகள் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"ஒரு வார்த்தைம்மா. சொல்லியிருந்தா அப்பா சொர்க்கத்துல இருந்திருப்பாரு."

"நான் சொல்லி அவர் எங்கயும் போயிட மாட்டாரும்மா."

"அப்ப எங்கதான் இருக்காரு?"

"தெரியலை."

மகள் உள்ளே போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள். ஓங்கி அறைந்திருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது. இவள் கட்டிலில் போய்ப் படுத்தாள். அழுகை வருமா என்று காத்திருந்து பார்த்தாள். வரவில்லை. தெருவில் யாரோ பைக்கை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள்.

வெயில் இறங்கும்போது கதவு திறந்தது. மகள் தலையணையோடு வந்து, இவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவர் படுக்கும் பக்கத்தில் படுத்தாள். இவள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.