தூங்குது என்றாள்

ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்காட்டிலிருந்து முதல் பஸ் பிடித்துச் சேலம் இறங்குவேன். ஜெர்மன் வகுப்பு. ஏற்காடு டவுனில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். அந்த மொழியில் பரீட்சை தேறினால் அந்த நாட்டிலேயே நர்ஸ் வேலை வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்சியில் சொல்லியிருந்தார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டலை அடக்கிக்கொண்டு வாய்க்குள் சொற்களை முணுமுணுத்தபடி போவேன்.

வகுப்பில் நான்தான் மக்கு. பசிக்கிறது என்பதை அங்கே 'நான் பசியை வைத்திருக்கிறேன்' என்கிற மாதிரி சொல்ல வேண்டும். வலியும் அப்படித்தான். எனக்குப் பசி வரும், வலி வரும், தூக்கம் வரும். எதையும் நான் வைத்துக்கொண்டதில்லை. ஒருநாள் டீச்சர் 'வீர்' என்றால் நாம் என்றார்.

"நாமளா, நாங்களா மேடம்?"

"ரெண்டுக்கும் அதேதான்."

"அப்ப எதுத்தாப்ல நிக்கறவங்க சேத்தியா இல்லையான்னு எப்படீங்க தெரியும்?"

"தமிழ்ல யோசிக்காதீங்கம்மா. செருப்போட சேத்து அதையும் வெளிய விட்டுட்டு வாங்க."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து ஒரு பெண் மாதாமாதம் செக்கப்புக்கு வர ஆரம்பித்தாள். இருபது வயதிருக்கும். முதல் கர்ப்பம். அவளும் புருஷனும் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். அவன் நிழல் மரங்களில் ஏறிக் கிளை வெட்டுவான், அவள் காப்பிப் பழம் பறிப்பாள். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவர்கள் இந்திக்காரர்கள். ஆனால் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது முண்டாரி. அதற்கு இந்தியோடும் உறவில்லை, தமிழோடும் உறவில்லை என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். இந்தி அவனுக்குச் சுமாராக வரும், அவளுக்கு அரைகுறை.

எஸ்டேட் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லைன் வீட்டுப் பெண்களிடம் தமிழ் பழகியதால் அவள் 'ஏனுங்க' என்றுதான் பேச்சைத் தொடங்குவாள். உச்சரிப்பு தடுமாறும், வினைச்சொற்கள் கலைந்து கிடக்கும். ஆனால் நாம, நாங்க இரண்டையும் ஒருமுறைகூட அவள் மாற்றிச் சொன்னதில்லை. எப்படி என்று கேட்டேன். விரல்களைக் காட்டி விளக்கினாள். அவர்கள் மொழியில் உங்களையும் சேர்த்து என்றால் 'அபு', சேர்க்காவிட்டால் 'அலே'. இரண்டே பேர் என்றால் அதற்கும் தனித்தனிச் சொல். நீயும் நானும் 'அலங்'. நானும் இன்னொருவரும், நீ இல்லை என்றால் 'அலிங்'. அலிங் என்று சொல்லும்போது தன் வயிற்றைத் தொட்டாள்.

"நானு, இது. நீங்க இல்லீங்க அக்கா."

சொல்லிவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தாள். அதற்குப் பிறகு செக்கப்புக்கு வரும்போதெல்லாம், "அலிங் வந்துட்டோங்க" என்பாள். டீச்சரிடம் நான் கேட்டது கிறுக்குத்தனமான கேள்வியில்லை என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்திருக்கிறாள். நான் சேலத்தில் வகுப்பில் இருந்தேன். டாக்டரும் இல்லை. என்னைவிட மூத்த நர்ஸ் ஒருவர் இருந்தார். என்னம்மா என்று அவர் கேட்டதற்கு, "கொழந்த தூங்குதுங்க" என்றிருக்கிறாள். ரத்த அழுத்தம் பார்த்தார், சரியாக இருந்தது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. "தூங்கட்டும் கண்ணு. நீயும் ஊட்டுக்குப் போயி நல்லாப் படுத்துத் தூங்கு" என்று அனுப்பிவிட்டார். அவள் இன்னும் ஒருமுறை அதையே சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போயிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை எஸ்டேட் மேஸ்திரி ஜீப்பில் அவளையும் புருஷனையும் கூட்டி வந்தார். டாக்டர் துடிப்புக் கேட்கும் கருவியை அவள் வயிற்றில் வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். இரைச்சல் மட்டும் கேட்டது. ஆம்புலன்ஸை வரச்சொல்லி, என்னையும் துணைக்கு அனுப்பினார். சேலத்தில் ஸ்கேன் எடுத்த டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீங்களே சொல்லிடுங்க சிஸ்டர்" என்றார்.

எந்த மொழியில் சொல்வது? எனக்குத் தெரிந்த துண்டு இந்தியில் புருஷனிடம் சொன்னேன். அவன் அவளிடம் திரும்பி ஏதோ ஒற்றை வார்த்தை சொன்னான். அவள் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"அக்கா, தூங்கலீங்களா?"

"தூங்கல கண்ணு."

இதை எழுதும்போதும் அந்தக் கேள்வி காதில் விழுகிறது. அசைவு, துடிப்பு என்ற சொற்களெல்லாம் அவளிடம் இல்லை. லைன் வீட்டுத் தமிழில் அவளுக்குக் கிடைத்தவை சோறு, தண்ணி, மழை, வேலை, தூக்கம். வயிற்றுக்குள் ஓர் உயிர் அடங்கிப்போவதைச் சொல்ல அவற்றில் எதை எடுப்பாள்? பக்கத்திலிருந்த ஒன்றை எடுத்தாள். கேட்டவருக்கு அது நல்ல சேதியாகக் கேட்டுவிட்டது.

மருந்து கொடுத்து வலி வரவைத்தார்கள். மறுநாள் ஆண் குழந்தை பிறந்தது, சத்தமில்லாமல். நான் லீவு சொல்லிவிட்டு அங்கேயே இருந்தேன். துணியில் சுற்றிய குழந்தையைப் புருஷன் வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றான். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று, "உடம்பு தேறட்டும் கண்ணு, நாம நாகலூருக்கே போயிரலாம்" என்றேன்.

அவள் திரும்பினாள். மெதுவாக, தெளிவாகச் சொன்னாள்.

"நாங்க போறோங்க."

அதில் ஒரு பிழையும் இல்லை. எனக்கு அங்கே இடமில்லை என்பதை என் மொழியிலேயே சொல்லிவிட்டாள். நான் வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன்.

எஸ்டேட் மயானத்தில் குழந்தையைப் புதைத்தார்கள். இரண்டு வாரத்தில் இருவரும் ஊருக்கு ரயிலேறிவிட்டதாக மேஸ்திரி வந்து சொன்னார். மூத்த நர்ஸ் ஒருநாள் ஊசிக் குப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது தானாகவே ஆரம்பித்தார்.

"தூங்குதுன்னுதானுங்க சொன்னா. மொகத்துல பயமே தெரியலீங்க. தெரிஞ்சிருந்தா உட்டிருப்பனா நானு?"

"உட்டிருக்க மாட்டீங்கக்கா."

"நொம்ப நேரம் நின்னாளுங்க. அது என்னமோ எனக்கு ஒறைக்கவே இல்ல."

அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவர் மறுபடி குப்பிகளை அடுக்க ஆரம்பித்தார்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை சேலம் போகிறேன். தை மாதம் பரீட்சை. தேறிவிடுவேன் என்கிறார் டீச்சர், நான் முன்னைப்போல் கேள்வி கேட்பதில்லை. போகப்போகிற ஊரில் ஒரு வார்டு இருக்கும். படுத்திருப்பவர்கள் ஏதோ சொல்வார்கள். எனக்கு அது புரிந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொள்வேன். அவர்கள் சொன்னது வேறொன்றாக இருந்துவிடுமோ என்ற பயம் மட்டும் போகவில்லை.