செண்டோல் வைத்த இலை

மீனாச்சிக்குத் தமிழ் பேச வராது. மலாக்காவின் காஜா பெராங் செட்டிக் குடும்பங்களில் யாருக்குத்தான் சரளமாக வந்தது? வீட்டில் மலாய்தான். ஆனால் பாட்டென்று வந்துவிட்டால் இரண்டும் அவள் தொண்டைக்கு ஒன்றுதான். பங்சாவான் இசை நாடகத்தில் ராணியாக நின்று மலாயில் பாடுவாள். மறுவாரம் கோயிலில், தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு கல்யாணியில் கீர்த்தனை பாடுவாள்.

"தமிழ்ல மலாய் வாடை அடிக்குது" என்றார்கள் சபாக்காரர்கள். "மலாய்ப் பாட்டுக்கு எதுக்கு இத்தனை கமகம்?" என்றார் நாடக முதலாளி. சினிமா வந்து கொட்டகை காலியானபின் அந்தக் கேள்வியும் நின்றது.

அந்தக் குரலுக்காக அவள் வாயைக் கட்டினாள். புளிப்பு இல்லை, பொரித்தது இல்லை, ஐஸ் அறவே இல்லை. சந்தையில் மகன் ஏகாம்பரம் ஐஸும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த செண்டோல் குடிக்கும்போது கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு வாய் நீட்டினால், "சுவாரா ரோசாக்லா!" என்பாள். குரல் கெட்டுவிடுமாம்.

ஐம்பத்தேழில் அழைப்பு வந்தது. ஆகஸ்டு கடைசியில் மெர்டேக்கா, சுதந்திர இரவில், ஒரே மேடையில் மலாயும் தமிழும் பாட வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்டவர்கள் அந்த விழாக்காரர்கள் மட்டும்தான்.

ஜூனில் நுரையீரல் நோயோடு ஆஸ்பத்திரியில் படுத்தாள். "என்ன கேட்டாலும் கொடுங்கள்" என்றார் டாக்டர். ஏகாம்பரம் மின்சார இலாகா டெக்னீஷியன். இனிச் சரிசெய்ய முடியாதென்று ஒரு கருவியைக் கைவிடும்போது அவனும் அந்தக் குரலில்தான் பேசுவான். உருகுவதற்குள் சைக்கிளை மிதித்துச் செண்டோல் கொண்டுபோனான். அவள் வேண்டாமென்று தலையசைத்தாள்.

"ஆகஸ்டு முடியட்டும்லா, ஏகா."

ஜூலையில் போய்விட்டாள்.

மறு ஜனவரியில் போகிப் படையல். இறந்தவர்களுக்குப் பிடித்ததை இலையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, அவர்கள் உண்டு முடிக்கும்வரை வெளியே நிற்பது வழக்கம். மீனாச்சியின் தங்கை நாகம்மா வெந்நீரும் கற்கண்டும் வைத்தாள். ஏகாம்பரம் செண்டோல் கிண்ணத்தோடு வந்தான்.

"பைத்தியமாடா உனக்கு? அக்கா இதைத் தொட்டதே இல்ல. பிடிக்காததை வெச்சா வருவாளா?"

"தொடல, சின்னம்மா. பிடிக்கலேன்னு யார் சொன்னது?"

நாகம்மா வெந்நீரை நகர்த்தி இடம் விட்டாள்.

கதவு சாத்தியாயிற்று. சற்றுப் பொறுத்து, உள்ளே வரலாமா என்று கேட்கும் தட்டலுக்காக நாகம்மா கையை உயர்த்தினாள். ஏகாம்பரம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இருங்க சின்னம்மா. ஜில்லுனு இருக்கும். அம்மாவுக்குப் பழக்கமில்ல, மெதுவாத்தான் குடிப்பாங்க."