முதுகில் இரண்டு தையல்

திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் நீலக் கட்டம் போட்ட சட்டையை யார் முதுகில் பார்த்தாலும் இன்றும் என் கால் தானாக அந்தப் பக்கம் ஓடப் பார்க்கும். என் தம்பிக்கு ராசியான சட்டை அது. கடலிலிருந்து திரும்பினால் செம்மண்டலத்தில் இருக்கும் என் வீட்டுக்கு நெத்திலியோடு வருவான். "ஒன் கொழம்புல உப்பு ஜாஸ்திக்கா" என்று சொல்லிக்கொண்டே மூன்று தட்டுச் சோறு உள்ளே தள்ளுவான். பாவி, அந்த வம்புக்காக நான் இன்னும் ஏங்கிக்கொண்டிருக்கிறேன்.

அவனைக் கடலில் ரோந்துப் படையினர் சுட்டுவிட்டார்கள். மீனவர்கள் படகை எங்கள் மேல் மோத விட்டார்கள், எதிரே நின்று சுட்டோம் என்பது அவர்கள் சொன்ன கதை. அதே படகில் இருந்த என் கணவரோ, பயந்துபோய்ப் படகைத் திருப்பி ஓடி வரும்போது பின்னாலிருந்து சுட்டார்கள் என்கிறார். பிரேதப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டுக் கேட்டு எங்களுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். கையில் இருந்த ஒரே ஆதாரம், ரத்தத்தை அடைக்க என் கணவர் படகிலேயே கழற்றிய அந்தச் சட்டை.

சிதம்பரத்தில் விசாரணைக்கு வரச் சொல்லித் தாள் வந்தது. முந்தின நாள் அம்மாவின் பீரோவைத் திறந்து சட்டையை எடுத்தேன். துவைத்து மடித்திருந்தாள். குண்டு துளைத்த ஓட்டைகளையும் நீல நூலால் பொடிப்பொடியாகத் தைத்து மூடியிருந்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. சாட்சியையே கழுவி ஊற்றிவிட்டாயே, உனக்கு அறிவிருக்கா என்று பெற்றவளைப் பார்த்துக் கத்தினேன். கருமாதிப் படையலில் கிழிந்த துணியை வைக்கக் கூடாது, அதனால்தான் தைத்தேன் என்றாள். புதுச் சட்டை வாங்கி வைத்திருக்க வேண்டியதுதானே என்றேன்.

"அவன் இதத்தான்டி போட்டுக்குவான்."

ஆனாலும் கோபம் சிதம்பரம் வரை, பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருக்க, என்னோடு பஸ்ஸில் வந்தது.

விசாரணை அதிகாரி என் கணவர் சொன்னதை எழுத வைத்துவிட்டு, ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார். கூனிக்குறுகிச் சட்டையை நீட்டினேன். விரித்துப் பார்த்தவர், தைத்த பிறகு இதில் என்ன தெரியப்போகிறது என்று ஓரமாக வைக்கப் போனார். அம்மா எழுந்து போய்ச் சட்டையை மேசையில் குப்புறப் போட்டாள்.

"முன்னாடி எங்கியாவது தையல் இருக்கா பாருங்க சார். ரெண்டும் முதுகுலதான். ஓட்டை இருந்த எடத்துலதான தைக்க முடியும்? வேணும்னா நூலப் பிரிச்சிப் பாருங்க."

அதிகாரி நூலைப் பிரிக்கவில்லை. தையல்களை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, அம்மா சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதச் சொன்னார். அவளிடம் கத்தியதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

சட்டை இங்கேயே இருக்கட்டும், வழக்கு முடிந்ததும் திருப்பித் தருகிறோம் என்றார் அதிகாரி. எழுத்தர் ஓர் உறையைக் கொண்டுவந்தார். அம்மா சட்டையை எடுத்துப் பித்தான்களைப் போட்டாள், மடித்தாள், மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். கொடும்மா என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"எழுதிக் குடுங்க சார்," என்றாள். "எம் புள்ளைய எடுத்துக்கிட்டப்ப யாரும் எழுதிக் குடுக்கல."

அதிகாரியே தாளை எடுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் நான் படித்துச் சொன்னேன். சட்டை ஒன்று பெற்றுக்கொள்ளப்பட்டது என்று இருந்தது.