கருநாக்குக்காரி

மகாலட்சுமியின் நாக்கில் மிளகளவு கறுப்பு மச்சம். சின்ன வயதில், மரமேறிய மாமாவைப் பார்த்து, "அந்தக் கிளை முறியப் போவுது" என்று அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் மாமா தரையில் கிடந்தார். அன்று முதல் உறையூரில் அவளுக்குக் கருநாக்குக்காரி என்று பெயர். இனி நடக்கப்போகும் எதைப் பற்றியும் அவள் வாயே திறப்பதில்லை. ஸ்ரீரங்கத்தில் ஒரு கேஸ் ஏஜென்சியில் போன் எடுக்கும் வேலை. "சிலிண்டர் எப்பம்மா வரும்?" என்று கேட்டால், "பதிஞ்சிருக்குங்க" என்பாள். "வாய்ல என்ன கொழுக்கட்டையா?" என்று திட்டு விழும்.

அப்படிப்பட்டவள் அந்த ஞாயிற்றுக்கிழமை வாயை விட்டுவிட்டாள்.

கணவன் அழகிரி சமயபுரம் போகப் பைக்கை எடுத்தான். ஹெல்மெட் ஆணியிலேயே தொங்கியது. கெஞ்சினாள், சிரித்தான்.

"இப்படிப் போனா வீடு வந்து சேரமாட்டீங்க!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். ரத்தம் கரித்தது.

"கருநாக்குக்காரி சொல்லிட்டாளா! ஆத்தாகிட்ட உன்மேல புகார் குடுத்துட்டு வரேன்" என்று கேலி பண்ணிக்கொண்டே போய்விட்டான்.

மத்தியானம் அவன் போன் ஸ்விட்ச் ஆஃப். பக்கத்து வீட்டு லூர்துராணி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "கொள்ளிடம் பாலத்துல ஒரு பைக்க லாரி அடிச்சிருச்சாம். அண்ணன் வந்துட்டாரா?"

மகாலட்சுமி தன் வாயிலேயே அறைந்துகொண்டாள். ஐயோ, என் வாயாலேயே கொன்றுவிட்டேனே!

"அப்பா வந்துருவாங்கம்மா" என்றாள் மகள் மிருதுளா. அந்தப் பிஞ்சு நாக்கிலும் அதே மச்சம். ஊருக்குத் தெரியக்கூடாதென்று எத்தனை முறை அந்த வாயைப் பொத்தியிருக்கிறாள்! இன்று அதன் முன்னால் மண்டியிட்டாள்.

"இன்னொரு தடவ சொல்லுடி. என் ராசாத்தி, சொல்லு!"

"வந்துருவாங்க."

வாசலில் பைக் நின்றது. ஹெல்மெட் போட்ட ஆள். அவர் ஹெல்மெட்தான் ஆணியில் தொங்குகிறதே! செய்தி சொல்ல யாரோ வந்திருக்கிறார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

அழகிரி! முகம் வெளிறிக் கிடந்தது.

"பாலத்துல ஒருத்தன் கிடந்தான்டி... வெறுந்தலை. நீ சொன்னதுதான் காதுல கேட்டுச்சு. கை கால் ஓடல. அப்படியே வண்டிய உருட்டிட்டுப் போய் இத வாங்கி மாட்டிக்கிட்டுத் திரும்பிட்டேன். கூப்பிடலாம்னா போன்ல சார்ஜும் இல்ல."

"நான்தான் சொன்னேன்ல!" என்று குதித்தாள் மிருதுளா.

பழக்க தோஷத்தில் மகாலட்சுமியின் கை அந்த வாயைப் பொத்த எழுந்தது. பாதியில் நின்று, மகளின் கன்னத்தை வருடியது.